பக்கவாதமும் பயிற்சி என்னும் மருந்தும்



மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அப்பகுதியின் நரம்புச் செல்கள் மடிகின்றன; உடலின் ஒருபுறம் செயலிழக்கிறது. இதுவே பக்கவாதம். வாய் கோணுதல், கை தளர்தல், நா குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். இதனை இன்று பலரும் அறிவர். நோயாளர் வீடு திரும்பிய பின் செய்ய வேண்டுவதையோ அறிந்தவர் சிலரே.

பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்பவர் கத்தலோனியக் கவிஞர். நியூயார்க் சிட்டி கல்லூரியில் பேராசிரியர். 1950களின் இறுதியில், தம் 65ஆம் அகவையில், பக்கவாதத்தால் வீழ்ந்தார். நடையும் பேச்சும் ஒருங்கே போயின. நெடுநாள் பயிற்சியால் மூளை திருந்தும் என்று அந்நாளில் பெரும்பாலோர் நம்பவில்லை. ஆதலின் சில வாரப் பயிற்சியோடு மருத்துவமனை அவரை அனுப்பிவிட்டது. மெக்சிகோவில் மருத்துவம் பயின்றுவந்த மகன் ஜார்ஜ் தந்தையைத் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார். குழந்தை நடை பழகும் முறையிலேயே தந்தையும் பழகட்டும் எனத் துணிந்து, முதலில் தவழச் செய்தார். தளர்ந்த தோளைச் சுவரில் சாய்த்தபடி முதியவர் தவழ்ந்தார். கற்றறிந்த பெரியவரை இவ்வாறு நடத்துவதா என்று அயலார் கடிந்தனர். மகன் தளரவில்லை. தரையில் கிடக்கும் கோலியையும் நாணயத்தையும் பொறுக்குதல், பாத்திரம் கழுவுதல் எனத் தளர்ந்த கைக்கு நாள்தோறும் வேலை தந்தார். பல மாத உழைப்பிற்குப் பின் தந்தை மீண்டும் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

சில ஆண்டுகள் கழித்து, கொலம்பியாவில் மலையேறுகையில் மாரடைப்பால் அவர் மறைந்தார். 1965இல் அவர் மூளையை ஆய்ந்தபோது, பழைய சிதைவு பெரும்பகுதி ஆறாமலே இருக்கக் கண்டனர். மடிந்த செல்கள் மீளவில்லை; எஞ்சியவை அவற்றின் பணியைக் கற்றுக்கொண்டன. மற்றொரு மகனாகிய மருத்துவர் பால் பாக்-இ-ரீட்டா தம் ஆராய்ச்சியை இத்துறைக்கே திருப்பினார்.

அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாப் மற்றோர் உண்மையைக் காட்டினார். தளர்ந்த கை முதலில் இயலாமையால் ஓய்கிறது. பின்னர் ஓய்ந்திருத்தலே அதற்குப் பழக்கமாகிவிடுகிறது. எனவே நல்ல கைக்கு உறை மாட்டி, தளர்ந்த கையையே இரு வாரம் முனைந்து பழக்கும் முறையை அவர் வகுத்தார். மணிக்கட்டும் விரலும் சிறிதேனும் அசையும் 222 பேரிடம், நோயுற்று மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன நிலையில் இதனைச் சோதித்தனர். பயன் உண்டென 2006இல் வெளியாயிற்று. ஆறு மாதம் கடந்தால் எல்லாம் முடிந்தது என்னும் பேச்சுக்கு இடமில்லை.

எனினும் விரைவும் அளவோடு இருத்தல் நன்று. முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே மிகுதியாக எழுப்பி நடத்துதல் நலம் தரவில்லை என்று 2015இல் வெளியான பேராய்வு காட்டியது. தொடங்கும் நாளையும் அளவையும் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் வரையறுத்தல் வேண்டும்.

இல்லத்தார் கருத வேண்டுவன சில. தளர்ந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்கலாகாது, தோள்மூட்டு நழுவும். சட்டை அணிகையில் தளர்ந்த கையை முதலில் நுழைத்து, கழற்றுகையில் இறுதியில் எடுத்தல் எளிது. ஊன்றுகோல் நல்ல கையில் இருத்தல் வேண்டும். விழுங்கும் திறனை மருத்துவர் சோதித்த பின்னரே உணவு தரலாம்; படுத்த நிலையில் ஊட்டுதல் தீது. பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். அவர் முன்னிலையில் அவரைப் பற்றிப் பிறரோடு பேசுதல் அவரை வருத்தும். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் நேர்கிறது. அதற்கும் மருத்துவம் உண்டு.

இவை அனைத்தினும் அரியது பொறுமை. ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்ல அவர் நெடுநேரம் முயல்வார், பாதி சிந்தும். அதனைக் காணப் பொறாத மனைவியோ மகளோ தாமே ஊட்டிவிடுவர். அன்பினால் செய்யும் அச்செயல் நாள்தோறும் தொடருமாயின், கை கற்கும் வாய்ப்பே பறிபோகும். தடுக்கி விழாமலும் புரையேறாமலும் காத்து, ஏனையவற்றை அவரே செய்ய விட்டு அருகில் அமர்ந்திருத்தலே அவருக்குச் செய்யும் பெருந்தொண்டு. விழா நாளில் ஓரமாய் அமர்ந்திருக்கும் அத்தகையோரிடம் விளக்குத்திரி திரிக்கவோ, பட்டாணி உரிக்கவோ ஒரு சிறு வேலையைக் கொடுங்கள். பத்துத் திரிக்கு ஒன்றே தேறினும், அத்திரியும் விளக்கில் எரியட்டும்.