நாற்றுக் கணக்கும் மரக் கணக்கும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

விடுதியில் ஒரே பக்கெட்டுக்காக என்னோடு சண்டை போட்ட நண்பர்களே, மாணவக் கண்மணிகளே!

"வன ஆராய்ச்சியின் பயனை எப்படி அளப்பது?" என்று பேசச் சொல்லிப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு அதுவே அதிகம்.

மரத்தைப் படிப்பது கோவைக்குப் புதிதல்ல. 1902-ல் காஸ் அருங்காட்சியகம், 1912-ல் சென்னை வனக் கல்லூரி, 1988-ல் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் என்று எல்லாம் இங்கேதான் வந்தன. நூறு வருஷத்துக்கு மேல் செலவு செய்திருக்கிறோம். வரி கட்டுகிறவர் "என்னப்பா கிடைத்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

சட்டென்று காட்டக்கூடிய பதில் சவுக்கு. 1990-களில் பல நாட்டு விதைகளை வாங்கி வந்து, எது நம் மண்ணில் நன்றாக வருகிறது என்று நட்டுப் பார்த்தார்கள். பிறகு நம் கடலோரச் சவுக்கையும் இந்தோனேசியச் சவுக்கையும் இணைத்துக் கலப்பினக் குளோன்களை வெளியிட்டார்கள். நேராக, வேகமாக வளரும் மரம். பள்ளிபாளையம், காகிதபுரம் காகித ஆலைகளுக்கு இன்று உழவன் நிலத்துச் சவுக்கு போகிறது என்றால் அதில் இந்த ஆராய்ச்சிக்குப் பங்குண்டு.

எவ்வளவு பங்கு என்பதில்தான் சிக்கல். ஆலைகள் கன்று கொடுத்து, விளைந்ததை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டன. வெட்டுக்கூலிக்கு ஆள் கிடைக்காத உழவர்கள், ஆண்டுதோறும் பாடுபடும் பயிரை விட்டு மரத்துக்கு மாறினார்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி 2008-ல் உழவரையும் ஆலையையும் ஒரே திட்டத்தில் உட்கார வைத்தது. கிடைத்த லாபம் முழுவதையும் ஆராய்ச்சியின் பேரில் எழுதினால் அது பொய்க்கணக்கு. ஆராய்ச்சி இல்லாதிருந்தால் இந்த உழவன் எதை நட்டிருப்பான் என்று கேட்டு, அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நம்முடையது.

இன்னொன்று, காலம். இன்று செலவழிக்கும் 100 ரூபாய், 8 சதவீதக் கூட்டுவட்டியில் 4 வருஷத்தில் 136 ரூபாய் ஆகும். 50 வருஷத்தில் 4,690 ரூபாய்க்கு மேல். ஆகவே சவுக்கு ஆராய்ச்சி எந்தக் கணக்கிலும் ஜெயிக்கும், தேக்கு தோற்கும், சோலை மரத்தைப் படிப்பவன் பேச்சே எடுக்க முடியாது. ஆனைமலையில் வெட்டித் தீர்ந்த தேக்குக் காட்டை மீட்ட ஹ்யூகோ வுட் டாப்சிலிப் அருகே அந்த மரங்களுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய கல்லறைக் கல், என் நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிப் பார் என்று லத்தீனில் சொல்கிறது. எந்த வட்டி விகிதத்தில் அவரைப் போடுவது?

செலவுப் பக்கமும் உண்டு. 1843-ல் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் அன்று பெரிய வெற்றி. விறகுப் பஞ்சம் தீர்ந்தது. புல்வெளி போனதைப் பிறகுதான் எண்ணினோம்.

இப்போது என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் மலைவேம்பு நாற்று கொடுக்கும் வேலையில் இருந்தேன். எத்தனை நாற்று, எத்தனை உழவர், எத்தனை பயிற்சி முகாம் என்று ஆண்டறிக்கை எழுதுவது நான்தான். "மிகச் சிறப்பு" என்று குறிப்பு வாங்கிய அறிக்கைகள் அவை. சில வருஷம் கழித்து அன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏனுங்க, நாத்துக் குடுத்தீங்க, போட்டோ புடிச்சீங்க. மரம் என்னாச்சுன்னு பாக்கோணும்னு ஒருக்கா கூடத் தோணுலீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார். சாப்பிட்டதும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மலைவேம்பு தண்ணீர் கேட்கும் மரம். அவருடையதோ போர்க்கிணறு வற்றிய காடு. நெருக்கி நடச் சொன்னது நான். மரங்கள் கை பருமனில் நின்றுவிட்டன. பிளைவுட்டுக்கு உரிக்க அவ்வளவு பருமன் போதாது. விறகு விலைக்குப் பாதியைக் கொடுத்துவிட்டார். என் அறிக்கையில் அவர் இன்னும் "பயனடைந்த உழவர்" தான். அந்த வரியை மாற்ற எந்தப் படிவத்திலும் இடமில்லை.

அவரிடமிருந்துதான் ஆரம்பித்தேன். பழைய பதிவேட்டை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போகிறேன். மரம் இருக்கிறதா, சுற்றளவு என்ன, என்ன விலைக்குப் போனது, மறுபடி நடுவாரா என்று நான்கே கேள்வி. சில தோட்டங்களில் ஆளுயரத்துக்கு மேல் கிளையில்லாமல் அருமையாக நிற்கிறது. அங்கெல்லாம் வாய்க்கால் தண்ணீர் பாய்கிறது. சில இடத்தில் வீட்டு மனைக் கல் நட்டிருக்கிறார்கள்.

இன்னும் பதிவேட்டில் பாதி பாக்கி. இரண்டாமாண்டு மாணவர்கள் நால்வர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். அளவு நாடா என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு அன்னூர் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன்.