குளிர்காலத்தில் துனீசியா

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள்மீது ஸலவாத்துக் கூறித் தொடங்குகிறோம். வட ஆப்பிரிக்காவின் துனீசியாவுக்குச் சென்று வந்த செய்தியைச் சொல்லுமாறு நிர்வாகிகள் பணித்தார்கள். நாம் சென்றது ஜனவரி மாதம். "இந்தக் காலத்தில் அங்கே யாரும் போவதில்லையே ஹஜ்ரத்" என்று பயண ஏற்பாடு செய்தவரே தயங்கினார். கடற்கரையைப் பொறுத்தவரை அவர் சொன்னது மெய். ஹம்மாமத், சூசா போன்ற கடலோர ஊர்களில் விடுதிகள் பல பூட்டிக் கிடந்தன. ஆனால் கடற்கரைக்கு ஆகாத அந்த மாதங்களே பாலைக்கு ஏற்றவை. கோடையில் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும் தெற்குப் பகுதி, அப்போது பகலில் இதமாக இருக்கிறது. இரவுக் குளிர் மட்டும் கடுமை. நம் ஊர்ச் சால்வை அதற்குப் போதாது.

நம் உள்ளம் நாடிச் சென்றது கைரவான் நகரை. ஹிஜ்ரி 50இல், அதாவது கி.பி. 670இல், உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்) அவர்கள் அமைத்த நகரம் அது. அவர்கள் பெயரால் வழங்கும் பெரிய பள்ளிவாசலின் இன்றைய வடிவம் பெரும்பாலும் 9ஆம் நூற்றாண்டில் அக்லபிய மன்னர்கள் எழுப்பியது. உள்ளே நிற்கும் தூண்களில் பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வரப்பட்டவை. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அங்குள்ள மிம்பர், உலகில் எஞ்சியுள்ள மிம்பர்களில் மிகப் பழமையானது. தேக்கு மரத்தால் ஆனது. மரம் இந்தியாவிலிருந்து வந்தது என்கிறார்கள். அதன்முன் நின்றபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

நாம் போன அன்று மழை பெய்தது. முற்றத்தின் தளம் நடுவை நோக்கிச் சரிந்திருக்கிறது. மழைநீர் அங்குள்ள செதுக்கிய பளிங்குக் கல்லின் வழியே தூசு வடிந்து, நிலத்தடித் தொட்டியில் இறங்குகிறது. கோடையில் செல்பவர் அந்தக் கல்லை வெறும் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துவிடுவார். ஹவ்ளுக்கு மோட்டார் போட்டு நீர் இறைக்கும் நம் நிர்வாகிகள் அதை ஒருமுறை காண வேண்டும்.

லுஹர் ஜமாஅத்தில் பலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுதார்கள். நம்முடன் வந்த இளைஞர் ஒருவர் முகம் மாறி, "இவர்கள் பின்னால் நம் தொழுகை கூடுமா?" என்று காதோடு கேட்டார். அது மாலிக் மத்ஹபின் முறை. அம்மத்ஹபின் பெரும் நூலான அல்முதவ்வனாவை வகுத்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் வாழ்ந்து, ஹிஜ்ரி 240இல் மறைந்ததும் அதே மண்ணில்தான். கையைக் கட்டுவது நெஞ்சிலா வயிற்றிலா என்பதற்காக ஊர் இரண்டுபட்டுப் பள்ளியும் இரண்டானதை நாம் கண்டிருக்கிறோம். நம் மஹல்லாவிலும் அந்தப் பேச்சு தொடங்கியிருப்பதை அறிவோம். அதனால்தான் இதை இங்கே சொல்கிறோம். கைரவானில் நாம் கை கட்டி நின்றோம். பக்கத்தில் தொங்கவிட்டு நின்ற முதியவர் ஸலாம் கொடுத்ததும் முதலில் முஸாஃபஹா செய்தது நம்மிடம்தான். அந்த இளைஞர் பிறகு கேட்கவில்லை.

தெற்கே தூசருக்குச் செல்லும் வழியில் ஷத் அல்ஜரீத் என்னும் உப்பு வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. தூசரில் 'திக்லத்துந் நூர்' பேரீச்சை அறுவடை முடிந்த வேளை. கடைகளில் குலையோடு தொங்கியது. அத்தோப்புகளின் நீர்ப்பங்கீட்டை 13ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்னும் அறிஞர் வகுத்தார்கள். அந்நாளைய ஊற்றுகள் வற்றி, இன்று ஆழ்குழாய்க் கிணறுகளே தோப்புகளைக் காக்கின்றன. எடுக்கும் அளவுக்கு அந்நீர் மீண்டும் ஊறுவதில்லை.

தூஸ் என்னும் ஊரில் ஒட்டகக்காரர்கள் வேலையின்றி அமர்ந்திருந்தார்கள். 2015இல் துனிஸ் நகரின் பார்தோ அருங்காட்சியகத்திலும் சூசாக் கடற்கரையிலும் நடந்த கொலைகளுக்குப்பின் பயணிகள் வருவது நின்றது. சற்றுத் தேறியபோது 2020இல் கொரோனா வந்தது. ஆளில்லாத காலத்தில் பாதி விலை சொன்னாலும் இசைகிறார்கள். பேரம் பேசுவது ஆகுமானதுதான். ஆயினும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக இசைபவரிடம் மேலும் குறைப்பது நமக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்டதையே கொடுத்தோம்.

போக விரும்புவோர்க்குச் சில செய்திகள். பகல் குறுகியது, மஃரிப் ஐந்தேகாலுக்கெல்லாம் வந்துவிடும். ஆகவே லுஹரையும் அஸரையும் ஜம்உ, கஸ்ராகத் தொழுவது ஷாஃபிஈகளுக்கு எளிது. ஒரே ஊரில் நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தால் கஸ்ர் இல்லை. ஊர்விட்டு ஊர் செல்ல 'லுவாஜ்' என்னும் வேன்கள் உண்டு. ஆள் நிறைந்தால்தான் புறப்படும். குளிர்காலத்தில் நிறைய நேரமாகும். காலையில் கொண்டைக்கடலையும் பழைய ரொட்டியும் சீரகமும் சேர்த்த 'லப்லாபி' கிடைக்கும். நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்க்கு அது பிடிக்கும். அந்நாட்டுத் தீனாரை வெளியே கொண்டுவர அனுமதியில்லை. பணம் மாற்றிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, மீதியைப் புறப்படுமுன் விமான நிலையத்திலேயே திருப்பி மாற்றிக்கொள்ளுங்கள்.