கடலுக்கு ஓய்வு, கரைக்கு உதவி



சித்திரை பிறந்ததும் நம் இராமநாதபுரம் ஜில்லாவின் உட்கிராமங்களில் ஒரு மனக்குறை தலைதூக்குகிறது. "மிளகாய்க் களத்தில் வெயிலில் காயும் நமக்கு ஒன்றுமில்லை, சும்மா இருக்கும் மீனவருக்குச் சர்க்கார் பணம் தருகிறது" என்பதே அது. இதனைச் சற்றே ஆராய்வோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017-இல் 61 நாட்களாயிற்று. விதைத்த வயல் முளைக்குமுன் அதில் ஆடு மாடுகளை விடுவோமா? கடலும் அத்தகைய வயலே.

இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் படகுகள் நங்கூரமிட்டு நிற்பது மீனவர் தேடிக்கொண்ட ஓய்வன்று. சட்டம் நிறுத்தி வைத்த உழைப்பு. 2023 ஆகஸ்டில் ரூ. 5,000-இலிருந்து ரூ. 8,000 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்ட குடும்ப நிவாரணத்தை 61 நாட்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு ரூ. 131 ஆகிறது. ஒரு குடும்பம் சும்மா இருந்து செழிக்கப் போதுமான தொகையா இது?

மழை பொய்த்தால் நாமும் பயிர் இன்சூரன்ஸ் தொகை பெறுகிறோம். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் பெறுகிறோம். அவற்றைப் பிச்சை என்று எவரேனும் இகழ்ந்தால் பொறுப்போமா?

எனினும், தகுதியற்றவர் பெயர் பட்டியலில் ஏறினால் மனம் கசப்பது இயல்பே. அதற்கு மருந்து நம் கையில் உள்ளது. மே 1 கிராம சபை தடைக் காலத்திலேயே கூடுகிறது. கடற்கரைப் பஞ்சாயத்துகளில் நிவாரணப் பட்டியலையும், உட்கிராமங்களில் பயிர் இன்சூரன்ஸ் பட்டியலையும் அன்று உரக்க வாசிப்போம். தகாதவரை நீக்கவும், விடுபட்டவரைச் சேர்க்கவும் தீர்மானம் செய்து அனுப்புவோம். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் காழ்ப்பு தானே அகலும்.