கால்வாய்க் கரையில் நமக்கும் ஒரு பாதை

(ஊராட்சி மகளிர் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பிறந்தது சென்னை மந்தைவெளி. வாக்கப்பட்டு வந்தது மரக்காணம் பக்கம் நம்ம ஊருக்கு. ரெண்டு இடத்திலும் ஓடுறது ஒரே கால்வாய்தான், பக்கிங்காம் கால்வாய். தமிழ்நாட்டில் மட்டும் அது சுமார் 163 கிலோமீட்டர் நீளம். அது முடியறது நம்ம மரக்காணத்தில்.

1806ல் எண்ணூர் பக்கம் முதலில் வெட்டினாங்க. சென்னைக்குள்ள கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற 8 கிலோமீட்டரை வெட்டினது 1877-78ல். அது தாது வருஷப் பஞ்ச காலம். கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களுக்கு வேலை கொடுத்து வெட்ட வச்சாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை கால்வாய்க்கு வச்சாங்க. மண் சுமந்தவங்க பெயர் எங்கேயும் இல்லை. நூறு நாள் வேலையில் மண் சுமந்த நமக்கு அது புரியும்.

அந்தக் காலத்தில் உப்பு, விறகு, நெல் எல்லாம் படகில்தான் சென்னைக்குப் போச்சு. காத்து அடிச்சா பாய் விரிப்பாங்க. காத்து இல்லேன்னா ஆளுங்க கரையில் நடந்துகிட்டே கயிறு கட்டி படகை இழுப்பாங்க. அவங்க நடந்து நடந்து விழுந்த தடம்தான் கால்வாய்க் கரைப் பாதை. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு அந்தப் பேர் வந்ததே படகுத்துறையாலன்னு சொல்வாங்க.

அப்புறம் ரயிலும் லாரியும் வந்துச்சு. படகு நின்னுபோச்சு. சென்னையில் சாக்கடை கலந்துச்சு. பறக்கும் ரயிலின் தூண்களை கால்வாய்க்குள்ளேயே நட்டாங்க. 1997ல் திருமயிலை வரைக்கும், 2007ல் வேளச்சேரி வரைக்கும் ரயில் ஓடுச்சு. கரைப் பாதை பல இடத்தில் காணாமல் போச்சு.

ஆனா கோட்டூர்புரத்தில் வேற மாதிரி நடந்திருக்கு. ரயில் நிலையம் பக்கத்தில் பொதுப்பணித்துறை இடம் ஒண்ணு குப்பைமேடா கிடந்துச்சு. 2006ல் 'நிழல்' அமைப்பும் தன்னார்வலர்களும் அங்கே மரம் நட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது நம்ம மண்ணு மரங்கள் நிறைஞ்ச வனம். உள்ளே நடைபாதை இருக்கு. ஒரே நாளில் கூட்டமா வந்து சுத்தம் செஞ்சு, போட்டோ எடுத்துட்டுப் போயிருந்தா அது வளர்ந்திருக்காது. ஞாயித்துக்கிழமை காலையில் திரும்பத் திரும்ப வந்து தண்ணி ஊத்தி, களை பிடுங்கினதாலதான் நின்னுது.

இதை ஏன் இங்கே சொல்றேன்? நம்ம ஊர்க் கால்வாய்க் கரையும் முள்ளு மண்டிக் கிடக்கு. பஸ்ஸுக்குப் போற பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அதுதான் குறுக்கு வழி. சுத்திப் போனா ரெண்டு கிலோமீட்டர். சாயங்காலம் ஆனா அங்கே குடிக்கிற கூட்டம். ரெண்டு வீட்டில் பிள்ளைங்களை மாலை வகுப்புக்கே அனுப்பறதில்லை. பாதை போனதால் படிப்பும் போகுது.

அதனால் மூணு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, கரை அரசாங்க இடம். நாமளே கை வைக்கக் கூடாது. அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு, நீர்வளத் துறையில் அனுமதி வாங்குவோம்.

ரெண்டாவது, சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினா திரும்பத் துளிர்க்கும். வேரோட தோண்டணும். அந்த இடத்தில் பூவரசும் புங்கமும் வைப்போம். வாரம் ஒரு குழு முறை வச்சு ரெண்டு மணி நேரம் வரணும். சேமிப்புப் பணத்தை ஒரு வாரமும் தவறாம கட்டுறோமே, அதே மாதிரி.

மூணாவது, கரை ஓரம் குடியிருக்கும் நாலு குடும்பத்துக்கும் முதலில் சொல்லணும். சென்னையில் கால்வாய்க் கரையில் இருந்த எத்தனையோ குடும்பங்களை கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிட்டாங்க. வேலை ஒரு இடம், வீடு ஒரு இடம்னு அவங்க அல்லாடுறாங்க. நாம போடுற பாதை யாரையும் கிளப்பற பாதையா ஆகக் கூடாது. அந்த வீட்டு அக்காக்களும் நம்ம கூட நின்னாதான் ராத்திரியிலும் அந்தப் பாதைக்குக் காவல் இருக்கும்.

தீர்மான நோட்டு செயலாளர் அக்காகிட்ட இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்து போட்டுட்டுப் போங்க. எங்க குழுவில் பன்னிரண்டு பேரும் போட்டாச்சு.