கைப்பேசித் திட்டங்களும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இஷாத் தொழுகைக்குப் பின்னர் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கைப்பேசி ரீசார்ஜ் பற்றிய விஷயம். இதையெல்லாம் பள்ளிவாசலில் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். தொழுகையும் நோன்பும் எவ்வாறு மார்க்கமோ, அவ்வாறே கொடுக்கல் வாங்கலும் மார்க்கம்தான். நமது மஹல்லாவில் இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. மாதந்தோறும் வீட்டுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்துகொண்டிருக்கிறோம். இதில் எழும் சச்சரவுகள் ஜமாஅத் அலுவலகம் வரை வந்துவிட்டன. அப்படி வந்த ஒன்றில் நாமும் தவறிழைத்தோம். அதைச் சொல்லித் தொடங்குவதே முறையாகும்.

நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். அவருடைய மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். வீட்டில் அவரும் அவருடைய துணைவியாரும் மட்டுமே. ஓர் இரவு அந்த அம்மையாருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. அடுத்த தெருவில் இருக்கும் மகளை அழைக்கப் பெரியவர் கைப்பேசியை எடுத்தபோது அழைப்புப் போகவில்லை. ஏதோ ஒரு குரல் ஆங்கிலத்தில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. முடியாத காலோடு இருட்டில் நடந்து சென்று மகளை அழைத்து வந்தார். அல்லாஹ்வின் கிருபையால் அம்மையார் இன்று நலமாக இருக்கிறார்.

மறுநாள் லுஹருக்குப் பின்னர், பள்ளிவாசல் எதிரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் இளைஞரைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசத்துக்குன்னு காசு வாங்கினே, மாசம் முடியறதுக்குள்ள நிறுத்திட்டியே, நீ திருடன்!" என்று கூட்டத்தின் முன்னால் சொல்லிவிட்டார். தொழுதுவிட்டு வெளியே வந்த நாமும், முழு விவரம் கேட்காமல், "தம்பி, வயதானவர்களிடம் இப்படிச் செய்வது பெரும் பாவம்" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்து பேசிவிட்டோம். அந்த இளைஞர் தலை குனிந்து நின்றார். அடுத்த இரண்டு நாட்கள் அவர் கடைப் பக்கம் ஆட்கள் அதிகம் போகவில்லை என்று பிறகு அறிந்தோம்.

மூன்றாம் நாள் இருவரையும் ஜமாஅத் அலுவலகத்திற்கு அழைத்து விசாரித்தோம். செயலாளர் பெரியவரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். ரீசார்ஜ் செய்த அன்றே திட்டத்தின் கால அளவு 28 நாட்கள் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. முடியப் போகிறது என்று நினைவூட்டும் செய்திகளும் வந்திருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், ஒன்றும் திறக்கப்படவில்லை. பின்னர் அந்த இளைஞரைக் கேட்டோம். "ஹஜரத், நான் 28 நாள்னு சொல்லல. எல்லாரும் சொல்ற மாதிரி ஒரு மாசம்னுதான் சொன்னேன். அதுல எனக்கு ஒரு லாபமும் இல்லை" என்றார். உண்மையைச் சொன்னார்.

ஜமாஅத்தார்களே! இதில் திருடன் யார்? ஒருவரும் இல்லை. ஆனால் தவறு இல்லாதவர் யார்? அவரும் இல்லை. 28 நாளை மாதம் என்று மக்கள் எண்ணிக்கொள்ள இடம் கொடுத்தது நிறுவனம். "ஒரு மாசம்" என்று வாய்ப்பேச்சாகச் சொன்னது கடைக்காரர். எத்தனை நாள் என்று கேட்காமல் பணம் கொடுத்தது பெரியவர். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று அறிந்தும், அந்தச் செய்திகளைப் படித்துச் சொல்ல ஓர் ஏற்பாடு செய்யாதது மகன். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது நாம். எந்த இடத்தில் அந்த இளைஞரைக் கடிந்து பேசினோமோ, அதே இடத்தில், அடுத்த ஜும்ஆவுக்குப் பின்னர் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பெரியவரும் அவரை அணைத்துக்கொண்டார்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒருவர் கொடுக்க முன்வருவதும் மற்றவர் ஏற்றுக்கொள்வதும் சேர்ந்ததே ஒப்பந்தம். ஈஜாப், கபூல் என்று நமது ஃபிக்ஹு நூல்கள் இதனைக் கூறும். ஒரு சேவையைக் குறிப்பிட்ட காலத்திற்குக் கூலி கொடுத்துப் பெறுவது இஜாரா எனப்படும். அதில் கூலியும் காலமும் பயனும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரீசார்ஜ் என்பதும் இத்தகைய ஒன்றே. கடையில் பணத்தை நீட்டும்போதும், கைப்பேசியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற இடத்தை விரலால் தொடும்போதும், நாம் ஓர் ஒப்பந்தத்தில் நுழைகிறோம். படிக்காமல் தொட்டேன் என்று பின்னர் சொல்வது, வாசிக்காமல் பத்திரத்தில் கையெழுத்திட்டேன் என்று சொல்வதைப் போன்றது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நேர்மையாக எழுதவும், தொகை சிறிதென்று சலித்து விட்டுவிடாதிருக்கவும் அதில் கட்டளை இருக்கிறது. கடன் பட்டவர் தாமே வாசகத்தைச் சொல்ல இயலாதவராக இருந்தால், அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நேர்மையுடன் சொல்ல வேண்டும் என்றும் அந்த வசனம் வழிகாட்டுகிறது. வாலிபர்களே! உங்கள் தாய் தந்தையரின் கைப்பேசி விஷயத்தில் அந்தப் பொறுப்பாளர் நீங்கள்தாம். வெளிநாட்டிலிருந்து செயலி மூலம் ரீசார்ஜ் செய்துவிட்டு "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னால் கடமை தீர்ந்துவிடாது. எந்தத் தேதி வரை, எதற்கெல்லாம் செல்லும் என்பதையும் சொல்லுங்கள்.

விற்பவருக்கும் கடமை உண்டு. மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுதலை வன்மையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள செய்தி இது. இன்றைய விளம்பரங்களைப் பாருங்கள். "வரம்பற்றது" என்ற சொல் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். நாள் ஒன்றுக்கு இவ்வளவு இணையம், அதைத் தாண்டினால் வேகம் குறையும் என்பது கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம்! ஆகவே வாங்குபவர் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தாக வேண்டும்.

முன்பெல்லாம் எஸ்.டி.டி. பூத்தில் பேசும்போது சிவப்பு எண்கள் கண் முன்னே ஓடும். பேசி முடித்தால் சீட்டு வரும். காசு எவ்வளவு என்பதில் சண்டைக்கு இடமில்லை. இன்று கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்புக் கூடியிருக்கிறது.

28 நாள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று முறை 28 நாள் என்றால் 364 நாட்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை செலவு என்று நினைப்பவர் உண்மையில் பதின்மூன்று முறை செலவு செய்கிறார். இதுபற்றி மக்கள் முறையிட்டதன் பயனாக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் கால அளவுள்ள திட்டத்தையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டத்தையும் குறைந்தது ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இணையம் தேவைப்படாத முதியவர்களுக்காக, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு டிசம்பரில் விதி கொண்டுவந்தது. இவை இருப்பது நமக்குத் தெரிவதில்லை. கேட்டால்தானே கடைக்காரர் எடுத்துச் சொல்வார்!

கேட்காத சேவைகளுக்குப் பணம் பிடிக்கப்படுகிறது என்பது இன்னொரு முறையீடு. இத்தகைய மதிப்புக் கூட்டுச் சேவைகளுக்கு வாடிக்கையாளரின் சம்மதத்தை இரு முறை உறுதி செய்த பின்னரே தொடங்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலேயே டிராய் உத்தரவிட்டுள்ளது. சில வேளைகளில் அந்தச் சம்மதத்தைக் கொடுத்தது கைப்பேசியை வைத்து விளையாடிய நம் வீட்டுக் குழந்தையாக இருக்கும். ஆகவே நிறுவனத்தைக் குறை சொல்லும் முன் வீட்டில் விசாரித்துக்கொள்வது நல்லது.

உம்ராவுக்குச் செல்வோரும் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். போஸ்ட்பெய்டு இணைப்பை எடுத்துக்கொண்டு, ரோமிங் திட்டம் எதுவும் போடாமல், இணையத்தை அணைக்காமல் விமானம் ஏறினால், திரும்பி வரும்போது பெரிய பில் காத்திருக்கும். இங்கிருந்து புறப்படும் முன்பே கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்பாடு செய்துவிட்டால் அங்கே மனம் இபாதத்தில் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலர் போஸ்ட்பெய்டு பில்லைக் கட்டாமல் சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எண்ணுக்கு மாறிவிடுகின்றனர். "கம்பெனி பணம்தானே" என்கின்றனர். பயன்படுத்திய சேவைக்குரிய தொகை கடன்தான். கடன்பட்ட நிலையில் இறந்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதை நாம் அறிவோம். பில் தவறென்றால் வழக்காடுங்கள்; சரியென்றால் கட்டுங்கள். ஓடி ஒளிவது முஃமினுக்கு அழகல்ல.

பொறுப்பைப் பற்றிப் பேசுவதால், உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று நாம் கூறுவதாக எண்ண வேண்டாம். நியாயமான ஹக்கைக் கேட்பதும் கடமையே. அதற்கு முறையான வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட வேண்டும்; 198 என்ற எண் இதற்கானது. புகாருக்குரிய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை. தனிப்பட்டவரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை அந்த மன்றங்கள் விசாரிக்கலாமா என்று நீண்ட காலம் ஐயம் நிலவியது. விசாரிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஆனால் ஒரு வேண்டுகோள். புகார் மையத்தில் பேசும் பெண்ணும், கடையில் நிற்கும் பையனும் அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அல்லர். அவர்களும் கூலிக்கு வேலை செய்பவர்கள். அவர்களை ஏசுவதால் ஒரு ரூபாயும் திரும்பி வராது. நம் அமல் ஏட்டில்தான் பாரம் ஏறும். பணம் போனால் திரும்ப வாங்கிவிடலாம். ஒருவருடைய மானத்தைக் கூட்டத்தில் வைத்துப் போக்கிவிட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பது எத்தனை கடினம் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்துகொண்டோம்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. அதன் பலனை இன்று நமது பள்ளிவாசல் எதிரிலேயே காணலாம். அந்த இளைஞர் இப்போது ரீசார்ஜ் செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். எவ்வளவு ரூபாய், எந்தத் தேதி வரை, என்னென்ன கிடைக்கும் என்று தமிழில் மூன்று வரிகள். பெரியவர் அந்தச் சீட்டைத் தம் கைப்பேசி உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார். மற்ற கடைக்காரர்களும் இதனைப் பின்பற்றும்படி ஜமாஅத் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். சீட்டுத் தராத கடையில் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சம்மதம் சொல்லும் முன் கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வோம். பிணக்கு வந்தால், பிறரைக் குற்றம் சொல்லும் முன் நம் பங்கு என்ன என்று பார்ப்போம். பிறகு உரிமையை முறையோடு கேட்போம்.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், நாவில் பேணுதலையும், பிழை செய்தால் ஒப்புக்கொள்ளும் மனத்தையும் நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.