வரைந்ததும் வரையாமல் விட்டதும்



நந்தனம் என்னும் சொல் பூஞ்சோலையைக் குறிக்கும். சோலையின் பெயர் தாங்கிய இப்பகுதியின் அண்மைக்கால வரலாறு வீடுகளின் வரலாறே ஆகும். அடுத்துள்ள சி.ஐ.டி. நகரின் பெயரில் நிற்பவை, பழைய நகர மேம்பாட்டு நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். அந்நிறுவனத்தின் பணியைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்ட வீட்டுவசதி வாரியம் 1961இல் தோன்றியது. ஆகவே, எழாத கட்டடத்தை எழுந்ததுபோலக் காட்டும் படக்கலையைப் பற்றிப் பேசுவதற்கு நந்தனத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது.

அண்ணா சாலையில் செல்வோர் அடுக்ககங்களின் விளம்பரப் பலகைகளைக் காணாதிருக்க இயலாது. கடைக்கால் தோண்டப்படாத கட்டடம் அவற்றில் புகைப்படம் எடுத்தாற்போல் நிற்கிறது. கண்ணாடியில் வானம் தெரிகிறது; மரத்தடியில் நிழல் விழுகிறது; உதிர்ந்த இலை ஒன்றில்லை, துணி உலர்த்தும் கொடி ஒன்றில்லை. இல்லாத ஒன்றின் புகைப்படம் என்பது எத்தகைய முரண்! அப்படத்தின் முன் நிற்பவர்க்கு இரண்டே வழிகள் உண்டு: ஏற்பது, அல்லது மறுப்பது. 'இந்தச் சன்னல் இங்கே வேண்டா' என்று சொல்லும் துணிவை அது எவர்க்கும் தருவதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்னும் தோற்றமே அதன் வலிமை; அதன் பொய்யும் அதுவே.

இதற்கு மாறான மரபு ஒன்றுண்டு. கட்டடத்தின் மாதிரியை, அது அட்டையால் ஆனதாயினும் தெர்மோகோலால் ஆனதாயினும் கணிப்பொறிக்குள் இருப்பதாயினும், புகைப்படம்போல் காட்டாமல் கோட்டாலும் தட்டை வண்ணத்தாலும் வெற்றிடத்தாலும் காட்டுவது அம்மரபு. இதைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர். தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் எச்சம் என ஒன்றை வைத்தார். செய்யுள் சொல்லாது விட்டதைச் சொல்லாலோ குறிப்பாலோ கொண்டு முடித்துக்கொள்ளும் இயல்பு அது. விடப்பட்டதையும் உறுப்பாக எண்ணியது அவ்விலக்கணத்தின் நுட்பம். கோட்டுப் படத்தில் நிரப்பாது விட்ட சுவர் அத்தகைய எச்சமே.

நவீனத்துவக் கட்டடக் கலை தொடக்கத்திலேயே இதை அறிந்திருந்தது. 1923இல் பாரிசு நகரில் லியோன்ஸ் ரோசன்பர்க்கின் கலைக்கூடத்தில், தியோ வான் டூஸ்பர்க்கும் கார்னலிஸ் வான் ஈஸ்டரனும் வீடுகளின் மாதிரிகளையும் வரைபடங்களையும் காட்சிக்கு வைத்தனர். அவ்வரைபடங்களில் இணைகோடுகள் தொலைவில் சென்று கூடுவதில்லை. பார்ப்பவர் நிற்கும் இடம் என ஒன்று இல்லை. தரையும் இல்லை, சிவப்பும் நீலமும் மஞ்சளுமான பலகைகள் வெளியில் மிதக்கின்றன. அது கண்ணால் கண்ட வீடன்று, கருத்தால் கண்ட வீடு. ஆயினும் அளவு பிறழாதது. தொலைவு கருதிக் கோடுகளைக் குறுக்காத வரைவில் அளவுகோலை வைத்து நீளத்தை அளந்துவிடலாம். புகைப்படத்திலோ அது இயலாது. எது உண்மைக்கு அண்மையது என்னும் வினா இங்கேயே எழுந்துவிடுகிறது.

நம் நாட்டில் இதனை நெடுந்தொலைவு எடுத்துச் சென்றவர் பாலகிருஷ்ண தோஷி. 1927இல் புனேயில் பிறந்து, 1951 முதல் பாரிசில் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றித் திரும்பியவர், 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர், 2023இல் மறைந்தார். அகமதாபாத்தில் அவர் தமக்கென எழுப்பிய 'சங்காத்' பணிக்கூடம், உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள் பதித்த வளைகூரைகளால் ஆனது. கற்காரைக் கட்டடமாகிய அதனை அவர் இந்தியச் சிற்றோவிய மரபில் தீட்டிக் காட்டினார். மேலிருந்து நோக்கிய தரைப்படமும் எதிர்நின்று நோக்கிய தோற்றமும் ஒரே தாளில் அருகருகே அமர்ந்துள்ளன. மரங்கள் தத்தம் இலையோடு தனித்தனியே நிற்கின்றன. பயிற்சி பெற்ற வரைவாளர் இவற்றைப் பிழை என்பர். ஆயின் அக்கூடத்துள் நடந்து செல்பவரின் நினைவில் படிவது இத்தகைய கலவையே ஆகும். நின்ற இடத்தில் நின்று எவரும் ஒரு கட்டடத்தை அறிந்ததில்லை.

தமிழகத்துக்கும் இது புதிதன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், முசுகுந்தன் கதையைத் தீட்டிய 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒற்றை நோக்குப் புள்ளியைத் தேடவில்லை. கதை வரிசை வரிசையாகச் செல்கிறது; படத்தின் கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டுள்ளது. சொல்லும் கோடும் ஒன்றையொன்று நிரப்பும் அவ்விதானத்தின்கீழ்க் கழுத்து வலிக்க நின்றவர்க்குத் தோஷியின் தாள் அயலாகத் தோன்றாது.

கணிப்பொறி வந்தபின் நிகழ்ந்தது சுவையானது. புகைப்படத்தை ஒத்த உருவங்களை ஆக்குவதே நெடுங்காலம் கணிப்பொறி வரைகலையின் குறிக்கோளாக இருந்தது. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜஸ் விங்கன்பாக், டேவிட் சலேசின் ஆகிய இருவரும் எதிர்த்திசையில் சென்றனர். பிராங்க் லாய்டு ரைட் சிகாகோவில் அமைத்த ரோபி இல்லத்தின் கணிப்பொறி மாதிரியை எடுத்து, பேனாவும் மையும் கொண்டு வரைந்தாற்போல் ஆக்கிக் காட்டினர். கோடுகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் ஒளி. கோடு சற்றே நடுங்கினால் கையின் சாயல். இவற்றை விதிகளாக்கி எந்திரத்துக்குக் கற்பிக்க முடிந்தது. ஆனால் செங்கல் சுவர் முழுவதும் செங்கற்களை வரைந்தால் படம் மூச்சு முட்டிப்போகும். ஓவியர் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்களைக் காட்டி, மற்றவற்றைக் காண்பவரிடம் விட்டுவிடுவார். அவ்வாறு எங்கே காட்டுவது, எங்கே விடுவது என்பதை எந்திரத்தால் தானே தேர்ந்துகொள்ள இயலவில்லை. மனிதர் ஒருவர் அமர்ந்து இடங்களைக் குறித்துத் தரவேண்டியிருந்தது. அவர்கள் அவ்வுத்திக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் தமிழில் 'குறிப்பு' என்றே சொல்லவேண்டும். தொல்காப்பியரின் சொல்லுக்கு இத்தகைய உறவு வாய்க்கும் என்று எவர் எண்ணியிருப்பர்!

1996இல் செருமனியின் மாக்டபர்க் நகர ஆய்வாளர்கள் கட்டடக் கலைஞர்களிடமே இதைச் சோதித்தனர். தொடக்க நிலை வரைவைக் காட்டுவதற்குக் கைவரைவு போன்ற படத்தையே அவர்கள் விரும்பினர். இறுதி வடிவத்தைக் காட்டுவதற்கு அவ்வாறன்று. முடியாத படம் பேச்சைத் தொடங்கி வைக்கிறது. அதன்மேல் விரல் வைத்து 'இது ஏன்?' எனக் கேட்கலாம்.

இதில் போலிக்கும் இடமுண்டு. 2000இல் வெளிவந்த ஸ்கெட்ச்அப் என்னும் மென்பொருளில், மூலைகளில் கோடு சற்றே மீறி ஓடும்படி ஒரு விசையைத் தட்டி அமைத்துக்கொள்ளலாம். எல்லா முடிவும் செய்தபின் தயக்கத்தை ஒப்பனையாகப் பூசுவதும் இயல்கிறது. அச்சொப்பனை விளம்பரப் பலகையின் கண்ணாடி வானத்தினும் தீது எனலாம். அது கேட்பதுபோல் நடித்துக் கேளாதிருப்பது. வலிந்து புகுத்திய மௌனமுடைய புதுக்கவிதைகளை வாசித்தவர்கள் இவ்வேறுபாட்டை உடனே இனங்காண்பர்.

தோஷியின் வரைவு இப்பழிக்கு ஆளாகாமைக்குக் காரணம், வரையாமல் விட்டதை அவர் கட்டாமலும் விட்டார் என்பதே. இந்தூரில் 1989இல் உருவான ஆரண்யா குடியிருப்புத் திட்டம் ஏறத்தாழ 6,500 மனைகளில் 80,000 பேர் வாழ்வதற்கென வகுக்கப்பட்டது. 1995இல் ஆகாகான் கட்டடக்கலை விருது பெற்றது. அதன் தெருக்களையும் வண்ணந்தீட்டிய படங்களாக அவர் காட்டினார்: படிகள், திண்ணைகள், மேல்மாடங்கள், இடையிடையே மனிதர்கள். முன்மாதிரியாக 80 வீடுகளை மட்டும் கட்டிக் காட்டி, வறியவர்க்கான மனைகளில் அடித்தளமும் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துத் தந்ததோடு திட்டம் நின்றுகொண்டது. எஞ்சிய அறையையும் மாடியையும் சுவரின் நிறத்தையும், கையில் காசு சேரச் சேர, அங்குக் குடியேறியவர்களே முடித்துக்கொண்டனர்.