வேரைத் தேடிப் போகிறவர்களுக்கு

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பெரியோர் பலர் இங்கே எடுத்துரைத்தார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கு முந்திய வரலாறு. இந்த ஊருக்குக் குடிவருமுன் உங்கள் குடும்பங்கள் எங்கே இருந்தன, யாரோடு இருந்தன என்பதுதான் அது.

நம் பங்கில் பல குடும்பங்களின் வேர் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருக்கிறது. மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், வேம்பாறு, தூத்துக்குடி என்னும் பெயர்கள் உங்கள் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால், “அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?” என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் தயங்குகிறார்கள். விழாவையொட்டிப் பலர் நம்மிடம் வந்து, பூர்வீக ஊருக்குப் போய் முன்னோரின் பெயரைக் கண்டுபிடிக்க வழி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஏட்டைப் பற்றிச் சொல்வோம். மணவினைகளைப் பங்குக்குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் கட்டளையிட்டது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு முதலியவற்றை எப்படி எழுத வேண்டும் என்பதை 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் வகுத்துத் தந்தது. திருமுழுக்கு ஏட்டில் பிள்ளையின் பெயரோடு தாய் தந்தையர் பெயரும், ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பதால், ஒரே வரியில் இரண்டு குடும்பங்களின் தொடர்பு கிடைத்துவிடும். மேலும், 1908-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். ஊரைவிட்டுப் போன ஒருவர் எங்கே போய்க் குடும்பம் நடத்தினார் என்பதை அந்த ஓரக்குறிப்பு காட்டிக்கொடுக்கும்.

பெயர்களைப் படிக்கும்போது கவனம் வேண்டும். பழைய ஏடுகள் பல இலத்தீனில் உள்ளவை. வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ் என்றும், பள்ளிச் சான்றிதழில் பீட்டர் என்றும் இருப்பார். மூவரும் ஒருவரே. சூசை என்பவர் யோசேபுஸ். சின்னப்பன் என்பவர் பவுலுஸ். பிரகாசியம்மாள் என்பவர் லூசியா. இதை அறியாமல், “எங்கள் தாத்தா பெயர் இங்கே இல்லை” என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. எல்லா ஆண்டுகளின் ஏடும் எஞ்சியிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கடற்காற்றும் கறையானும் காகிதத்தை எளிதில் விட்டுவைப்பதில்லை.

குடும்பப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெர்னாண்டோ, மச்சாடோ, கொரேரா, மிராண்டா என்ற பெயர்களைக் கண்டு, நம் முன்னோர் போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1536, 1537-ஆம் ஆண்டுகளில் இக்கரையின் பரதவ மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். புனித சவேரியார் 1542-இல் வந்து அவர்களுக்கு மறைக்கல்வி புகட்டினார். அக்காலத்தில் திருமுழுக்கோடு வந்த பெயர்களே இவை. பெயர் கப்பலில் வந்தது. மக்கள் இந்த மண்ணின் மக்களே.

இனி, ஏட்டைவிட முக்கியமானதைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குக் குடும்பம் ஒன்றுடன் மணப்பாட்டுக்குப் போயிருந்தோம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது அவ்வூர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றின்மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். அதனடியில் சவேரியார் தங்கிச் செபித்ததாக மக்கள் போற்றும் குகை. ஒருபக்கம் கருமேனியாறு கடலில் கலக்கும் கழிமுகம். அந்தக் குடும்பத் தலைவரின் பாட்டனார் வாணிபத்துக்காகக் கொழும்புக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அவருடைய தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். ஏட்டில் பாட்டனாரின் பெயரைத் தேடியபோது, 1931-இல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து திருமுழுக்குப் பெற்றதாக எழுதியிருந்தது. அப்படி ஓர் அத்தை இருந்ததாக அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இறப்பு ஏட்டைப் புரட்டினோம். எட்டு மாதத்தில் அக்குழந்தை இறந்திருந்தது. அதன் பிறகே பாட்டனார் கப்பலேறியிருக்கிறார்.

தம்பியின் மகன் இன்னும் ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டுக்குப் போனோம். எழுபது வயதைக் கடந்தவர். திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். வந்தவர் இன்னார் பேரன், முறைக்குத் தாம் அவருக்குச் சித்தப்பா என்று தெரிந்ததும் அவர் முகம் மலரவில்லை. “வீட்டுப் பங்கு கேட்டா வந்திருக்கிய?” என்றுதான் கேட்டார்.

அவர் கேட்டதில் குறை காண முடியாது. வெளியூர்ச் சொந்தம் வந்தால் பத்திரத்தோடுதான் வரும் என்பது அங்குள்ளவர்கள் கண்ட அனுபவம். அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியவர் அவர். சுவர் பூசியவர் அவர். பெரியவர்களைக் கடைசிவரை பார்த்து அடக்கம் செய்தவரும் அவரே. “இல்லை சித்தப்பா, உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்” என்று சொன்ன பிறகும் அவர் நம்புவதற்கு ஒரு பொழுது ஆயிற்று. மாலையில் அவரே எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தம் பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மண்மேட்டைக் காட்டினார். “பெரியப்பா பிள்ளை. அவுக இங்கே இல்லையேன்னு எங்க அம்மை சொல்லி வச்சிருக்கா. நவம்பர் ரெண்டாம் தேதி இதுக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்திருவோம்” என்றார்.

அன்பார்ந்தவர்களே, கொழும்புக்குப் போன குடும்பம் மறந்துவிட்ட குழந்தையை, ஊரில் வலை பொத்துகிறவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறது! வேர் என்பது பழைய ஏட்டில் மட்டும் இல்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர்கள் அதைக் காத்து வந்திருக்கிறார்கள். படித்து, உத்தியோகம் பார்த்து, வசதியோடு வாழும் நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும், நோய் நொடிக்கும் உதவுவது தருமம் அல்ல. அது உறவின் கடமை.

இன்னொன்று. ஏடு நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லாது. வீட்டார் மறைத்த ஒரு பெயர், ஒதுக்கி வைத்த ஒரு மகள், தந்தையின் பெயர் எழுதப்படாத ஒரு பிள்ளை என்று ஏதேனும் அதில் இருக்கலாம். அதைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். பிறரிடம் பரப்பவும் வேண்டாம். புனித மத்தேயு நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் தாமாரையும், இராகாபையும், உரியாவின் மனைவியையும் மறைக்காமல் சேர்த்திருக்கிறார். குலப்பெருமை தேடிப் போகிறவர்களுக்கும் ஏடு ஒரு பாடம் சொல்லும். தோணி முதலாளியின் பிள்ளையும் கூலிக்காரரின் பிள்ளையும் அதில் தேதி வரிசைப்படியே நிற்கிறார்கள்.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியங்களைச் செய்யக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, மூன்று தலைமுறையின் பெயர்களை, வீட்டுப் பெயரையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் கண்மூடிய பின் எந்த ஏட்டிலும் அது கிடைக்காது. இரண்டாவது, பூர்வீக ஊரின் பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, அவர் அனுமதியோடு ஏட்டைப் பாருங்கள். நம் கடிதமும் வேண்டுமானால் தருகிறோம். மூன்றாவது, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். திருவிழாக் கூட்டத்தில் போனால் ஆலயத்தைப் பார்க்கலாம். உறவினரைப் பார்க்க முடியாது. சாதாரண நாளில் போய், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் போடும் சோற்றை உண்டு வாருங்கள். பங்கு, பாகம் பற்றிப் பேச அது நாள் அல்ல.

நம் குடும்பங்களில் அறுந்துபோன உறவுகளை இறைவன் மீண்டும் இணைத்து, பிரிந்திருப்போர் அனைவரையும் ஒரே பந்தியில் அமரச் செய்வாராக. ஆமென்.